மனிதவள மென்பொருள் ஒருங்கிணைப்பு ஆலோசகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களும், தங்கள் நிறுவனத்துக்கு இப்படி ஒருவரை அமர்த்த நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு முடியாது. தேதியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் நிறையவே எழுதியிருக்கிறேன்; இந்த வேலையில் ஆட்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

மனிதவள மென்பொருள் ஒருங்கிணைப்பு ஆலோசகர் என்றால் யார்?

ஒரு நிறுவனத்தில் புதிதாக ஒருவர் சேர்கிறார். அவருடைய விவரங்கள் முதலில் ஆள்சேர்ப்பு மென்பொருளில் இருக்கின்றன. அங்கிருந்து பணியாளர் பதிவேட்டுக்குப் போக வேண்டும். பதிவேட்டிலிருந்து சம்பளக் கணக்குக்கு, வருகைப்பதிவுக்கு, மின்னஞ்சல் முகவரி உருவாக்கும் அமைப்புக்கு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு, வாசலில் அடையாள அட்டையைப் படிக்கும் கருவிக்கு. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய மென்பொருள்களாக இருக்கும். "பணியாளர்" என்ற சொல்லுக்கு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பொருள் வைத்திருக்கும்.

இவற்றுக்கு இடையே தகவல் சரியான வடிவில், சரியான நேரத்தில், பார்க்க வேண்டியவர் கண்ணுக்கு மட்டும் படும்படி போய்ச் சேர வழி அமைப்பவர் ஒருங்கிணைப்பு ஆலோசகர். அவருடைய வேலை நன்றாக நடந்தால், புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே கணினியைத் திறந்து வேலை பார்ப்பார், மாதக் கடைசியில் சம்பளம் சரியாக வரும். நடுவில் இப்படி ஒருவர் உழைத்தார் என்பது அவருக்குத் தெரியவே வராது.

நிரலாளர் செய்யும் வேலைதானே இது? ஏன் "ஆலோசகர்" என்கிறார்கள்?

நிரல் எழுதுவது இதில் ஒரு பகுதி. என் அனுபவத்தில் பாதிக்கும் குறைவான பகுதி. மீதி நேரம் கேள்வி கேட்பதில் போகிறது.

"சேர்ந்த தேதி" என்ற ஒரே ஒரு புலத்தை (படிவத்தில் ஒரு விவரத்தை நிரப்பும் இடத்தை) எடுத்துக்கொள்வோம். மனிதவளப் பிரிவு அதை ஒப்பந்தம் தொடங்கும் நாள் என்று நினைக்கிறது. சம்பளப் பிரிவுக்கு அது முதல் சம்பளம் கணக்கிட வேண்டிய நாள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகுதி தொடங்கும் நாள். அது சில இடங்களில் தகுதிகாண் பருவம் முடிந்த பிறகுதான் வரும். பணிக்கொடை கணக்கிடுபவருக்கோ, இடையில் விலகி மீண்டும் சேர்ந்த ஒருவரின் பழைய தேதி வேண்டும். நான்கு பேரும் தங்கள் படிவத்தில் "சேர்ந்த தேதி" என்றே எழுதியிருப்பார்கள். நால்வர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒருவருடைய தேதியை எடுத்து மற்றவருக்கு அனுப்பினால் யாரோ ஒருவரின் பணம் தவறாகப் போகும்.

நிரல் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்காது. தேதி தேதியாகவே வந்து சேரும், பிழைச் செய்தி எதுவும் வராது. நான்கு பிரிவினரையும் ஒரே அறையில் உட்காரவைத்து "நீங்கள் சொல்லும் தேதி எது?" என்று கேட்கும் ஆள்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அதனால்தான் ஆலோசகர் என்ற பெயர் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கிவிட்டால் இந்த வேலையே தேவைப்படாதே?

நியாயமான கேள்வி, மென்பொருள் விற்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

சம்பளக் கணக்கு போடுவதை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது மிகப் பழைய பழக்கம். இன்று ஏடிபி என்று அறியப்படும் நிறுவனம் 1949-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இந்த ஒரு வேலைக்காகவே தொடங்கப்பட்டது. பணியாளர் விவரம் ஓரிடத்திலும் சம்பளக் கணக்கு வேறோர் இடத்திலும் இருப்பது அப்போதே வந்துவிட்டது. 1987-இல் டேவ் டஃபீல்டும் கென் மாரிஸும் பீப்புள்சாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கி மனிதவளத்துக்கென்றே மென்பொருள் விற்றார்கள். 2005-இன் தொடக்கத்தில் ஆரக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் அதைக் கையகப்படுத்தி முடித்தது. அதே ஆண்டு டஃபீல்டு, அனீல் பூஸ்ரியுடன் சேர்ந்து ஒர்க்டே என்ற மனிதவள மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 2012-இல் எஸ்ஏபி என்ற மற்றொரு பெரிய மென்பொருள் நிறுவனம், மனிதவள மென்பொருள் விற்ற சக்சஸ்ஃபேக்டர்ஸ் நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு கைமாற்றத்துக்குப் பிறகும் வாடிக்கையாளர்களிடம் பழைய மென்பொருள் பாதியும் புதியது பாதியுமாக நின்றன. பல ஆண்டுகள் இரண்டையும் இணைத்தே ஓட்ட வேண்டியிருந்தது.

ஒர்க்டே 2008-இல் கேப் கிளியர் என்ற ஒருங்கிணைப்பு மென்பொருள் நிறுவனத்தை வாங்கியதையும் கவனியுங்கள். எல்லாம் ஓரிடத்தில் என்று சொல்லி வளர்ந்த நிறுவனமே, வெளியில் உள்ளவற்றோடு பேசாமல் காலம் தள்ள முடியாது என்று தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

காரணம் எளிது. வரி, காப்பீடு, ஓய்வூதியம் பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. எந்த ஒரு மென்பொருளும் எல்லா நாட்டுச் சம்பளக் கணக்கையும் தானே போடுவதில்லை. வங்கி வெளியில் இருக்கிறது. வரித்துறை வெளியில் இருக்கிறது. காப்பீடு வெளியில் இருக்கிறது. இவர்களோடு பேசியாக வேண்டும்.

திட்டம் தொடங்கியதும் முதலில் என்ன செய்வீர்கள்?

எந்தத் தகவலுக்கு எந்த அமைப்பு உரிமையாளர் என்று எழுதி வாங்குவேன். பெயர் பதிவேட்டுக்குச் சொந்தம். மின்னஞ்சல் முகவரி, அதை உருவாக்கும் அமைப்புக்குச் சொந்தம். வங்கிக் கணக்கு எண்? இங்கே பெரும்பாலும் விவாதம் கிளம்பும். பணியாளரே பதிவேட்டில் மாற்றிக்கொள்ளலாமா, சம்பளப் பிரிவு மட்டும்தான் மாற்றலாமா? இரண்டு இடத்திலும் மாற்றலாம் என்று விட்டுவிட்டால், பணியாளர் திங்கட்கிழமை மாற்றிய எண்ணைச் செவ்வாய் இரவு ஓடும் இணைப்பு பழைய எண்ணால் அழித்துவிடும்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பேன். பிரிவின் பெயர் போதாது. சந்தேகம் வரும்போது பிரிவைத் தொலைபேசியில் அழைக்க முடியாது.

மேப்பிங் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

அனுப்பும் அமைப்பின் எந்தப் புலம், பெறும் அமைப்பின் எந்தப் புலத்துக்குப் போகிறது, வழியில் எப்படி மாறுகிறது என்று எழுதிவைக்கும் பொருத்தப் பட்டியல். பெரும்பாலும் ஒரு விரிதாள்தான். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். திட்டத்தின் மிக முக்கியமான ஆவணம் அதுவே.

இதில் வரும் சிக்கல்களைக் கேட்டால்தான் வேலையின் சுவை புரியும். எல்லாருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு உண்டு என நம்பும் மென்பொருள்கள் ஏராளம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடும்பப்பெயர் இடத்தில் புள்ளியா, அதே பெயரையே மறுபடியுமா, வெற்றிடமா? இதை ஆளுக்கொரு விதமாக முடிவு செய்தால், வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு சம்பளக் கோப்பில் உள்ள பெயர் ஒத்துப்போகாது, பணம் திரும்பி வந்துவிடும்.

எழுத்துகளின் நீளம் இன்னொன்று. "தமிழ்" என்ற சொல்லில் நம் கணக்குக்கு மூன்று எழுத்துகள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு கணக்குக்கு ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட்டுகள். ஒரு புலத்தின் அளவு "40" என்று ஆவணத்தில் இருந்தால், 40 என்ன என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நீளமான பெயர்கள் நடுவில் வெட்டுப்படும். சில சமயம் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டு, கோப்பு முழுவதும் படிக்க முடியாமல் போகும்.

பணத்தொகைக்கு எத்தனை தசம இடம்? இரண்டு என்று உடனே சொல்லத் தோன்றும். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று இடம். நாட்டின் குறியீடு இரண்டு எழுத்தா, மூன்று எழுத்தா? நமீபியாவின் ஈரெழுத்துக் குறியீடு "என்ஏ". சில தரவுக் கருவிகள் அதைத் "தகவல் இல்லை" என்று புரிந்துகொண்டு வெற்றிடமாக்கிவிடும். அந்த நாட்டுப் பணியாளர்கள் அனைவரும் நாடற்றவர்களாகப் போய்ச் சேருவார்கள்.

எக்செல் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோப்பை ஒருவர் "சும்மா திறந்து பார்த்துவிட்டு" சேமித்தால், பணியாளர் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். எண்களில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே எக்செல் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். யாரும் தவறு செய்ததாக உணரவே மாட்டார்கள். அதனால் சம்பளம் தொடர்பான கோப்பு எதையும் மனிதர் கையால் திறந்து சேமிக்கும் படி ஒன்று நடைமுறையில் இருந்தால், அதை நீக்குவதற்கு நான் பிடிவாதமாக வாதாடுவேன்.

தேதிகள் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன?

எளிமையானதில் தொடங்குகிறேன். 03/04/2025 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவத்தை எங்கும் பயன்படுத்தினால் இது தீர்ந்துவிடும். பிறந்த தேதியை நள்ளிரவு 12 மணி என்ற நேரத்தோடு சேர்த்துச் சேமித்து, உலகப் பொது நேரத்துக்கு மாற்றும் நிரல் அடுத்த தொல்லை. கிழக்கு நாடுகளில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் மூத்தவர்களாகிவிடுவார்கள்.

கடினமானது, மனிதவளத் தகவலின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு பணியாளரின் பதவி என்பது ஒற்றை விவரம் இல்லை. இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை உதவியாளர், அதன்பின் மேற்பார்வையாளர் என்று காலவரிசையில் அடுக்கப்பட்ட பதிவுகள் அவை. கடைசிப் பதிவுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஆனாலும் கணினிக்கு ஏதாவது ஒன்று வேண்டும். எஸ்ஏபி அங்கே 9999-ஆம் ஆண்டு டிசம்பர் 31 என்று வைக்கிறது, ஆரக்கிள் 4712-ஆம் ஆண்டு டிசம்பர் 31 என்று வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது, முடிவில்லை என்பதன் குறி இது என்று தெரிந்து மொழிபெயர்க்க வேண்டும்.

இப்போது இதை நினைத்துப் பாருங்கள். ஜூன் 20 அன்று மேலாளர் ஒருவர் பதிவேட்டில் சம்பள உயர்வைப் பதிகிறார். அது ஏப்ரல் 1 முதல் செல்லும் என்று போடுகிறார். ஏப்ரல், மே மாதச் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. "இன்று மாறியவற்றை மட்டும் அனுப்பு" என்று எழுதப்பட்ட இணைப்பு, எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்? மாற்றம் பதிவான நாளையா, மாற்றம் செல்லுபடியாகும் நாளையா? செல்லுபடியாகும் நாளை மட்டும் பார்த்தால் இந்த உயர்வு ஒருபோதும் சம்பளக் கணக்குக்குப் போகாது. பதிவான நாளை மட்டும் பார்த்தால் வேறொன்று நடக்கும். அடுத்த மாதம் 1-ஆம் தேதி பதவி உயர்வு என்று இன்றே பதிந்துவைத்தால், அது இன்றிரவே போய், யாருக்கு எந்த அனுமதி என்று நிர்வகிக்கும் அடையாள அமைப்பு அவருக்குப் புதிய பதவிக்கான அனுமதிகளை முன்கூட்டியே திறந்துவிடும்.

ஆகவே இரண்டு தேதிகளையும் பார்க்க வேண்டும். எதிர்கால மாற்றங்களை ஏற்கும் அமைப்பு எது, ஏற்காதது எது என்று பிரித்து, ஏற்காததற்கு அந்த நாள் வரும்வரை தடுத்துவைத்து அனுப்ப வேண்டும். பின்தேதியிட்ட மாற்றத்தைச் சம்பள மென்பொருள் தானே நிலுவையாகக் கணக்கிடுமா, யாராவது கையால் போட வேண்டுமா என்று கேட்க வேண்டும். பதிந்த மாற்றத்தை ஒருவர் ரத்து செய்தால் அந்த ரத்து எப்படிப் போகும் என்றும் கேட்க வேண்டும். முந்தைய மூன்றையும் கேட்டுவிட்டு இதை மறந்த திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் சேருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் வராமல் போனவர்களின் பதிவுகள், பெறும் அமைப்பில் அப்படியே உயிரோடு இருக்கும்.

விலகியவர் மீண்டும் சேர்வதும் இதே வகை. புதிய எண் கொடுக்கிறீர்களா, பழைய எண்ணையே மீட்கிறீர்களா? ஆளுக்கு ஓர் எண், அவர் பார்க்கும் ஒவ்வொரு பணிக்காலத்துக்கும் தனி எண் என்று இரண்டு அடுக்காக வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. முதல் வாரத்திலேயே இதை முடிவு செய்யாத திட்டங்கள் இரண்டாம் ஆண்டில் பெரிய விலை கொடுக்கின்றன.

கோப்பு அனுப்புவது பழைய முறைதானே? ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் வழி) இருக்கும்போது ஏன் இன்னும் கோப்பு?

வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பல அரசு அமைப்புகளும் இன்னும் கோப்பு வழியாகத்தான் வாங்குகின்றன. கோப்பைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி வழி, பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிஜிபி மறையாக்கம், இரவில் ஒருமுறை. மாதம் ஒருமுறை மொத்தமாகப் போகும் சம்பளத்துக்கு இது பொருத்தமான முறையே. எத்தனை வரி போனது, கூட்டுத்தொகை எவ்வளவு என்று ஒரே பார்வையில் சரிபார்க்கலாம்.

உடனடியாக நடக்க வேண்டியவற்றுக்கு ஏபிஐ. ஒருவரைப் பணியிலிருந்து நீக்கிய உடனே அவருடைய நுழைவுரிமை நிற்க வேண்டும். அதற்கு இரவுவரை காத்திருக்க முடியாது. பயனர் கணக்குகளைத் திறக்கவும் மூடவும் ஸ்கிம் என்ற பொது வரையறை இருக்கிறது; அதன் இரண்டாம் பதிப்பு 2015-இல் வெளியானது. பெறும் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

நீங்கள் பார்த்த மோசமான தவறு எது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தில், ஒவ்வோர் இரவும் பதிவேட்டிலிருந்து பணியாளர் முழுப் பட்டியலும் கோப்பாக, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அமைப்புக்குப் போகும். பட்டியலில் பெயர் இல்லாதவர் விலகிவிட்டார் என்று அந்த அமைப்பு எடுத்துக்கொள்ளும். ஓர் இரவு இணைப்பு நடுவில் அறுந்து பாதிக் கோப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. பிழை எதுவும் காட்டவில்லை, ஏனென்றால் வந்த பாதி ஒழுங்காகவே இருந்தது. காலையில் பட்டியலின் பின்பாதியில் இருந்தவர்கள் அத்தனை பேரின் கணக்கும் மூடப்பட்டிருந்தது. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருவர் அழுதுகொண்டே மனிதவளப் பிரிவுக்கு வந்ததாகச் சொன்னார்கள். அந்த இணைப்பை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காலையை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. கோப்பின் கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை இருக்க வேண்டும். அது ஒத்துப்போகாவிட்டால் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்பட வேண்டும். கோப்பு முழுவதுமாக வந்து முடியும்வரை தற்காலிகப் பெயரில் இருக்க வேண்டும், முடிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற வேண்டும். வழக்கத்துக்கு மாறாகப் பலர் ஒரே இரவில் விலகியதாகத் தெரிந்தால், இணைப்பு தானே நின்று ஒரு மனிதரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் என்ற வரம்பை அந்த நிறுவனத்தின் அளவைப் பார்த்து வைக்கலாம்.

எந்தெந்தக் கருவிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

எந்த மென்பொருள் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒர்க்டே என்றால் எண்டர்பிரைஸ் இன்டர்ஃபேஸ் பில்டர், கோர் கனெக்டர்கள், ஸ்டுடியோ, கூடவே தகவல் கோப்பின் வடிவத்தை மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி. சக்சஸ்ஃபேக்டர்ஸ் என்றால் ஓடேட்டா ஏபிஐ, இன்டக்ரேஷன் சென்டர், எஸ்ஏபியின் கிளவுட் இன்டக்ரேஷன். ஆரக்கிள் என்றால் எச்சிஎம் டேட்டா லோடரும் எச்சிஎம் எக்ஸ்ட்ராக்ட்ஸும். எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தகவலை எழுதும் வடிவங்களான எக்ஸ்எம்எல், ஜேசான், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல், ஏதாவது ஒரு நிரல் மொழி. ஒரு மென்பொருளில் ஆழமாக இறங்கியவருக்கு அடுத்ததைக் கற்பது கடினம் இல்லை. எல்லாவற்றிலும் சான்றிதழ் வாங்கிக் குவிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

கணினி அறிவியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நான் வேலை செய்தவர்களில் மிகச் சிறந்த இருவர் சம்பளப் பிரிவிலிருந்து வந்தவர்கள். மாதக் கடைசியின் நெருக்கடியை உட்கார்ந்து அனுபவித்தவர்கள் என்பதால், எந்தத் தகவல் தவறினால் யாருக்கு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழில்நுட்பத்தை அதன்பிறகு கற்றுக்கொண்டார்கள். நிரலாளராக இருந்து வருபவர்கள் எதிர்த்திசையில் நடக்க வேண்டும்: விடுப்பு விதிகள், பிடித்தங்கள், நிலுவைக் கணக்கு, ஊதியமில்லா விடுப்பு இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று சம்பளப் பிரிவினரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பணியாளர்களின் தனிப்பட்ட தகவல் உங்கள் கையில் வருகிறதே, அதை எப்படிக் காப்பது?

ஒருவரின் சம்பளம், முகவரி, பிள்ளைகளின் பெயர், உடல்நலக் குறைபாடு, வங்கிக் கணக்கு என எல்லாமே இந்த வேலையில் கண்ணில் படும். இதை எளிதாக எடுத்துக்கொள்பவர்கள் இந்தத் துறைக்கு வரக்கூடாது என்றே சொல்வேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேவையான அளவுக்கு மேல் தகவல் எடுக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. உடல்நலம், தொழிற்சங்க உறுப்பினர் என்பது போன்ற விவரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. தகவல் கசிந்தது தெரியவந்தால், பாதிப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்ற நிலை தவிர, 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். வேறு பல நாடுகளிலும் இதை ஒத்த சட்டங்கள் வந்துவிட்டன.

நடைமுறையில் இது இப்படி இறங்குகிறது. அடையாள அட்டைக் கருவிக்குப் பெயரும் எண்ணும் படமும் போதும். பிறந்த தேதியையும் சேர்த்து அனுப்பச் சொன்னால், ஏன் என்று கேட்பேன். "பின்னால் தேவைப்படலாம்" என்பது காரணம் ஆகாது. சோதனைக்கு உண்மையான பெயர்களையும் சம்பளத்தையும் பயன்படுத்தக்கூடாது, மாற்றி மறைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பிழையைக் காட்டுவதற்காகக் கணினித் திரையைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பும்போது அதில் ஒருவரின் சம்பளம் தெரிகிறதா என்று பாருங்கள். கசிவுகள் பெரிய தாக்குதல்களில் மட்டும் நடப்பதில்லை, இப்படியும் நடக்கின்றன.

சோதனையை எப்படிச் செய்கிறீர்கள்?

சம்பளத்துக்கு ஒரே வழி இணையோட்டம்தான். பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் ஒரே மாதச் சம்பளத்தை ஓட்டி, ஒவ்வொருவருக்கும் வரும் தொகையை ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு மாதங்களாவது செய்யுங்கள். வேறுபாடு வந்தால் காரணம் எழுதுங்கள். பழைய அமைப்பில்தான் தவறு இருந்தது என்று தெரியவருவதும் உண்டு. அதை அந்தப் பணியாளருக்கு எப்படிச் சொல்வது, திருத்துவது என்பது நிர்வாகத்தின் முடிவு.

மற்ற இணைப்புகளுக்கு நான் வைத்திருக்கும் சோதனைப் பட்டியலில் இயல்பான ஆட்கள் குறைவு. மாத நடுவில் சேர்ந்தவர், அதே நாளில் சேர்ந்து விலகியவர், பேறுகால விடுப்பில் இருப்பவர், ஒரே நேரத்தில் இரண்டு பணி பார்ப்பவர், பெயர் மாற்றியவர், பிப்ரவரி 29-இல் பிறந்தவர், மேலாளரே இல்லாத தலைமை நிர்வாகி. கடைசியில் சொன்னவரால் நின்றுபோன இணைப்புகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்; அனுமதி கேட்கும் வரிசை மேலே போய்க்கொண்டே இருந்து முடிவில் யாரும் இல்லாமல் திணறும்.

இணைப்புகள் உண்மையான பயன்பாட்டுக்கு வந்த பிறகும் ஆலோசகர் வேண்டுமா?

நன்றாக ஒப்படைத்திருந்தால் முழுநேரமாக வேண்டாம். "ஒப்படைத்தல்" என்பதற்குச் சில பக்க ஆவணம் மட்டும் போதாது. பிழை வந்தால் யாருக்கு மின்னஞ்சல் போகிறது, அவருக்கு அது புரியுமா என்பதே கேள்வி. "பிழை 500" என்று சம்பளப் பிரிவு ஊழியருக்கு அனுப்புவதில் பயன் இல்லை. "இந்த எண்ணுள்ள பணியாளருக்குச் செலவு மையம் இல்லாததால் அவர் விவரம் போகவில்லை, பதிவேட்டில் சேர்த்தால் இன்றிரவு தானாகப் போய்விடும்" என்று எழுதினால் அவரே சரிசெய்துவிடுவார். இப்படிப்பட்ட செய்திகளை எழுத ஒதுக்கும் நேரத்தை வீண் என்று திட்ட மேலாளர்கள் வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

மேகக் கணிமை மென்பொருள்கள் ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒர்க்டேயும் சக்சஸ்ஃபேக்டர்ஸும் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இணைப்புகளை மறுபடி சோதிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா?

ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது, நல்லதுதான். இரு அமைப்புகளின் புலப் பட்டியலைக் கொடுத்தால் மேப்பிங்கின் முதல் வரைவை அது விரைவாகத் தருகிறது. எக்ஸ்எஸ்எல்டி எழுதித் தருகிறது. ஆனால் "சேர்ந்த தேதி"யும் "சேர்ந்த தேதி"யும் ஒன்றுதான் என்று அது உறுதியாகச் சொல்லும். பெயர் ஒன்றாக இருக்கிறதே. அந்த இடத்தில்தான் நான்கு பிரிவினரையும் ஒரே அறைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: உண்மையான பணியாளர் விவரங்களைப் பொதுவெளியில் உள்ள அரட்டைக் கருவிகளில் ஒட்டாதீர்கள்.

ஆலோசகரை அமர்த்தும்போது நேர்காணலில் என்ன கேட்கலாம்?

"பின்தேதியிட்ட சம்பள உயர்வை எப்படி அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். நேராகக் கருவியின் பெயரைச் சொல்பவரைவிட, "உங்கள் சம்பள மென்பொருள் நிலுவையைத் தானே கணக்கிடுமா?" என்று திருப்பிக் கேட்பவரை நான் எடுப்பேன். அவர் செய்த தவறு ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் இந்த வேலை பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்பவரை நம்ப எனக்குத் தயக்கம்.

நாளையே தொடங்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் சொந்தச் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் சொல்லும் எந்த அமைப்பில் பிறந்தது, யார் பதிந்தது, எந்த நாளில் அங்கே வந்து சேர்ந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வரையுங்கள். அடிப்படை ஊதியம், விடுப்பு நாள், பிடித்தம், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள், உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டு. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, சம்பளப் பிரிவில் இருப்பவரிடம் அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் போய்க் கேளுங்கள். மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் போகாதீர்கள்.